அப்பாவிடம் கேட்ட கேள்வி

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டைகள் சரிந்து விழுந்ததில் என் அப்பாவின் இடுப்பு போய்விட்டது. கயிற்றைச் சரியாகக் கட்டாத மேஸ்திரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதன்பிறகு சாயங்காலமானால் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாராங் கத்தியைத் தீட்டுவார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எதையும் பேசிப் புரியவைத்துவிடலாம் என்ற கர்வம் எனக்கு உண்டு.

“அவனை வெட்டினா வலி போயிடுமாப்பா?”

“இந்த வலி போகாது. அவன் மட்டும் நல்லா நடக்கிறானே, அந்த வலி போகும்லா.”

படித்த எதுவும் எனக்கு உதவவில்லை.

ஒரு நாள் அந்த மேஸ்திரி எங்கள் தெரு வழியாகவே போனான். அப்பா கத்தியோடு சுவரைப் பிடித்து எழுந்தார். பயத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன்: “இப்ப எங்கே வலிக்குதுப்பா?”

அப்பா நின்றார். யார்மேல் தப்பு என்றுதான் எல்லோரும் அவரிடம் கேட்டிருந்தோம். இதை யாரும் கேட்டதில்லை.

“இடுப்புல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் இழுக்குதும்மா.” சொல்லச் சொல்ல அவர் மூச்சு தணிந்தது. மேஸ்திரி தெருமுனையைத் தாண்டிவிட்டான்.

அன்றிலிருந்து தினமும் கேட்கிறேன். வலி குறையவில்லை. கத்தியும் வீட்டில்தான் இருக்கிறது.

நேற்று அப்பா என்னைக் கேட்டார்: “உனக்கு எங்கே வலிக்குதும்மா?”

“எங்கேயும் இல்லப்பா” என்றேன். இத்தனை படித்தும், என் பயத்தைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.