நாற்பத்தோராம் கேள்வி

ஆஸ்பத்திரியில் லிப்ட் மெக்கானிக்குக்குக் 'கரண்ட்' என்று பட்டப்பெயர். கிட்டே போனால் அடிக்கும். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் மட்டும் கதவு இடுக்கு வழியாகக் கொஞ்சுவார். வெளியே வந்ததும் அவர்களுக்கும் திட்டு நிச்சயம்.

மனநலப் பிரிவில் புதிதாக ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தார்கள். அடுத்தவரோடு ஒத்துப்போக விடாத குணங்களை அது சரியாக அளக்கிறதா என்று பார்க்க ஆள் தேடினார்கள். ஒரு தாளை வருகிற ஆளே நிரப்பவேண்டும். இன்னொன்றை, அவரைப் பற்றி வீட்டில் ஒருவர் நிரப்பவேண்டும்.

"என்னைவிடப் பொருத்தமான ஆளு உங்களுக்குக் கிடைக்காதும்மா" என்று கரண்ட் தானாகவே ஆராய்ச்சிப் பெண்ணிடம் போய் நின்றார்.

தனக்கு ஈவிரக்கம் காட்டாமல் எழுதினார். எரிந்து விழுவேன்: மிகவும் உண்மை. நாற்பத்தோராம் கேள்வியில்தான் பேனா நின்றது. 'என்னைப் பிரிந்தால் வீட்டாருக்கு நிம்மதி.' அடுத்த வாரம் மனைவி மகள் வீட்டுக்குப் போகிறாள், மூன்று மாதத்துக்கு. போனவள் திரும்பி வராமல் இருந்துவிட்டால்? அந்தப் பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. கேட்க வாய் வரவில்லை. திட்டியே பழகிய வாயாயிற்றே! 'மிகவும் உண்மை' என்று டிக் அடித்துவிட்டு எழுந்தார்.

நாலு நாள் கழித்து ஆராய்ச்சிப் பெண் அவர் மனைவியை வரச்சொன்னாள். இவர் வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். பாவம், அன்று யாரையும் திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை.

மனைவி தாளோடு வெளியே வந்தாள்.

"ஓரத்துல எல்லாம் எழுதக் கூடாதாம். சின்னப் பொண்ணு, என்னைக் கோவிச்சுக்கிறா."

வாங்கிப் பார்த்தார். டிக் போட்டது போதாதென்று ஓரமெல்லாம் பொடியெழுத்து. 'கோபம் வரும், சாயங்காலத்துக்குள் போய்விடும்.' 'எனக்குக் கை உடைந்தபோது நாலு மாதம் தலை வாரிவிட்டார். வகிடு கோணல்தான்.' நாற்பத்தொன்று மட்டும் காலியாக இருந்தது.

"இதை ஏன் விட்டுட்டே?"

"முப்பத்துநாலு வருஷத்துல ஒரு நாள் பிரிஞ்சதில்லை. தெரியாததை எப்படிங்க எழுதறது? பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வந்து எழுதித் தரேன்னு சொல்லிட்டேன்."

"வந்துடுவியா?"

"பின்னே? வராம எங்க போவேன்?"

கரண்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தெரியவில்லை மனுஷனுக்கு.

"அதை எழுதவே வேண்டாம்" என்றார். "காலியாவே இருக்கட்டும். நானும் உன்கூட வரேன்."