செம்மஞ்சள் சாரம்

எனக்கு விடுப்புக் கூட, எதையும் துருவி அறியாட்டி ஏலாது. அதை மறைச்சுப் பிரயோசனமில்லை. சிட்னியில செவன் ஹில்ஸ் பக்கம் என்னோட ஒரே அறையில இருந்த, நான் அண்ணையெண்டு கூப்பிடுற மனிசனும் நானும், அங்கையிருந்து ஆறு மணித்தியாலம் தள்ளி ஒரு மாட்டுப் பண்ணைக்கு வேலி அடிக்கப் போனனாங்கள். போன முதல் நாளே என்ர கண் ஒரு இடத்தில நிண்டிட்டுது. மேட்டில மரமில்லை, வேலியில்லை, அடிமட்டம் வைச்சுக் கோடு கீறின மாதிரி நீட்டுக்கு ஒரு புல்தரை. ஓரத்தில ஒரு கம்பம். அதின்ர நுனியில வெறும் இரும்பு வளையம்.

"இதென்னண்ணை, என்னத்துக்கு இந்த வளையம்?"

"வந்த வேலையைப் பாரடா. உனக்கேன் உந்த விடுப்பு?"

விடுவனே? பண்ணைக்காரரையே கேட்டன். அவற்ர தகப்பன் சொந்தமா ஒரு குட்டிப் பிளேன் வைச்சிருந்தவராம், அதுக்கு வெட்டின ஓடுபாதையாம். அவர் செத்தாப் பிறகு அதில ஒண்டும் இறங்கேல்லை. வளையத்தில முந்தி ஒரு துணிக்குழாய் தொங்குமாம். அது ஊதி நிக்கிற பக்கத்தைப் பாத்துத்தான் பைலட் காத்தை அறியிறதாம். பிறகென்ன, பின்னேரங்களில அந்தப் பாதையை நுனிக்கு நுனி நடந்து பாத்தன். முயல் தோண்டின குழி பதினொண்டு. அண்ணை அதுக்கும் சிரிச்சவர்.

அண்ணையின்ர பெட்டிக்கடியில செம்மஞ்சள் நிறத்தில ஒரு புதுச் சாரம், இடுப்பில உடுக்கிற லுங்கி, கிடந்தது. மன்னாரில இருந்து அவற்ர மனிசி அனுப்பினது. அண்ணை வள்ளத்தில வந்து பத்து வருஷத்துக்கு மேல, இன்னும் தற்காலிக விசா. அதில மனிசியைக் கூப்பிட ஏலாது. "அவ வந்து இறங்கிற அண்டைக்குத்தான் உடுப்பன்" எண்டுவார்.

மூண்டாம் கிழமை விடாத மழை. ஆத்துப் பாலம் தண்ணிக்குள்ள போயிட்டுது. அண்டைக்கெண்டு பாத்து நாலு சக்கர குவாட் பைக் பிரண்டு அண்ணையின்ர தொடை முறிஞ்சுது. கட்டக் கட்ட இரத்தம் நிக்கேல்லை. அம்புலன்ஸ் வர வழியில்லை. பிளேன் அனுப்பலாம், தரை சரியோ, காத்துப் பாக்கிற துணிக்குழாய் இருக்கோ எண்டு ஃபோனில ஆஸ்பத்திரி டொக்டர் கேட்டார். பண்ணைக்காரர் என்னைப் பாத்தார்.

 குழி எங்கெங்கையெண்டு எனக்குத் தெரியும். நல்ல காலம், மேட்டில தண்ணி தேங்கேல்லை. பண்ணைக்காரரும் நானுமா குழியளுக்குள்ள மண்ணள்ளிக் கொட்டி இறுக்கினனாங்கள். துணிக்குழாய்க்கு எங்கை போறது? அப்பதான் பொறி தட்டிச்சுது: ரெண்டு தலைப்பையும் மூட்டித் தைச்ச சாரம் குழாய்தானே! என்ரது கடுநீலம், மேல இருந்து தெரியாது. கேக்காமலே அண்ணையின்ர பெட்டியைத் திறந்தன்.

கம்பத்தில ஏணியைச் சாத்தி ஏறி, வேலிக் கம்பியால சாரத்தின்ர ஒரு வாயை வளையத்தில கட்டி, மற்ற வாயைச் சுருக்கி விட்டன். காத்து நிறைஞ்சு சாரம் கிழக்கால நீட்டி நிண்டுது.

பிளேன் ஒருக்காச் சுத்திப் பாத்திட்டு இறங்கிச்சுது. என்ர கடவுளே, சக்கரம் கடைசிக் குழியைத் தாண்டுமட்டும் நான் குழி குழியா எண்ணிக்கொண்டு நிண்டன்.

ஸ்ட்ரெச்சரில ஏத்தேக்க அண்ணை கண் முழிச்சு அண்ணாந்து பாத்தார்.

"டேய், அது என்ர சாரமெல்லே?"

"ஓமண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ, வேற வழி தெரியேல்லை."



"கிழிஞ்சிட்டுதோ?"

"இல்லையண்ணை."

"அப்ப கழுவி மடிச்சு வை. அவ வந்து இறங்கேக்க வேணும்."