சாஸ்தாவின் காலடியில் ஒரு சாவிக்கொத்து

வீரபாகுவுக்குத் தூக்கம் போனது ஓய்வுபெற்ற வருஷம்தான். ஆய்க்குடியில் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் பட்டப்பகலில் கொள்ளை போயிற்று. மறுநாளே கேட்டுக்கு ஒரு பூட்டு, வாசலுக்கு ஒரு பூட்டு, பீரோ இருக்கும் அறைக்கு ஒரு பூட்டு, போதாக்குறைக்குக் கேமரா. அப்புறமாவது தூங்கினாரா? எங்கே! முன்பு திருடனுக்கு மட்டும் பயந்த மனிதர், இப்போது பூட்டு சரியாக விழுந்ததா, கேமரா ஓடுகிறதா என்று அதற்கும் சேர்த்துப் பயந்தார். சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போனால் ஊரே தண்ணீருக்குத் தலையைக் கொடுத்து நிற்கும். இவர் மட்டும் நனையாத ஓரத்தில் நின்று போனில் தன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய அப்பா கதவை வெறுமனே சாத்திவிட்டு, சாஸ்தா பார்த்துக்கொள்வான் என்று கிளம்பிவிடுகிற ஆள். அவருக்குக் களவே போகவில்லையா என்றால், போயிருக்கிறது. ஒருமுறை பித்தளை அண்டாவையே தூக்கிப் போய்விட்டார்கள். அன்றைக்கும் மனிதர் குறட்டை விட்டுத்தான் தூங்கினார். அது எப்படி என்பதுதான் வீரபாகுவுக்கு விளங்கவே இல்லை.

அந்தச் சாஸ்தா, அவர்கள் குலதெய்வம், இலஞ்சிப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் மருதமரத்தடிச் சின்ன மண்டபத்தில் கதவில்லாமல் இருந்தவர். எங்கோ ஒரு கோயிலில் மணியைத் திருடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், வீரபாகு இவருக்கும் கம்பிக்கதவு வைத்துப் பூட்டும் போட்டார். பூசை வைக்கும் சித்தப்பா மகன் நமசிவாயம் சிரித்தார்.

"காவக்காரனுக்கே காவலா, அண்ணாச்சி?"

பங்குனி உத்திரத்தன்று பேரனுக்கு முதல் மொட்டை. சாஸ்தாவுக்கு விளக்கேற்றாமல் பிள்ளை தலையில் கத்தி படக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வீரபாகு முதல் ஆளாக வந்து, கதவைத் திறந்து, கூட்டித் துடைத்து எண்ணெய் ஊற்றினார். பிறகு எல்லாச் சாவியும் கோத்த கொத்தைச் சாமியின் காலடியில் வைத்து, வீட்டை நீதான் பார்க்க வேண்டும் என்று உருகி நின்றார். அந்நேரம் பார்த்து மகள் உமாதேவியின் கார் வந்தது. வெளியே வந்த வீரபாகு பழக்கதோஷத்தில் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டை அமுக்கிவிட்டார். சாவியே வேண்டாம், அமுக்கினால் விழுகிற பூட்டு. விழுந்ததா என்று இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

மாற்றுச்சாவி பீரோவில். பீரோச்சாவி சாமி காலடியில். கை நுழையாதபடி நெருக்கமாகக் கம்பி வைக்கச் சொன்ன புண்ணியவானும் இவரேதான். குச்சியை விட்டுத் துழாவியதில் கொத்து இன்னும் உள்ளே தள்ளிப் போனது. பொங்கல் பொங்கி வழிந்தது. மொட்டை போட வந்தவர் கத்தியை மடக்கிவிட்டு உட்கார்ந்தார். தென்காசியில் பூட்டு ரிப்பேர் பார்க்கும் முகம்மது சலீமுக்குப் போன் போட்டார்கள். வீரபாகு தன் போனை எடுத்து வீட்டைப் பார்த்தார். அங்கே கரண்ட் இல்லைபோல, படம் கறுப்பாகக் கிடந்தது.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இது தன் மறதியா, சாமி கேட்டு வாங்கிக்கொண்டதா, பூட்டியதற்குத் தண்டனையா? யோசித்தபடி மரத்தடியில் சாய்ந்தார்.

மனைவி மங்களேஸ்வரி உலுக்கியபோது சலீம் பூட்டை அறுத்து முடித்திருந்தார். கூட்டமே சிரித்தது. வீரபாகு குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார், அப்பாவைப்போலவே. கையில் ஒரு சாவி இல்லை, வீடு கண்ணில் இல்லை. எப்படித் தூங்கினோம்? அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

விளக்கு எரிந்தது. அவர் சாமியின் முன்னால் நின்று மெதுவாகக் கேட்டார்.

"ஒன்ன நம்பித்தானே சாவிய வச்சேன்? பொறவு எதுக்கு ஒன்னையவே பூட்டுனேன்?"

நமசிவாயம் திருநீறு பூசிய சாவிக்கொத்தைக் கையில் தந்தார்.

பேரனுக்கு மொட்டை முடிந்து எல்லாரும் கார் ஏறும்போது வீரபாகு மட்டும் திரும்பிப் போனார். கம்பிக்கதவைச் சாத்தி, பூட்டை அறுத்தது மறந்து அதைத் தேடித் தரையைத் தடவினார்.

"இப்போ யாருக்குப் பயந்து யாரப் பூட்டப் போறிய?" என்றாள் மங்களேஸ்வரி.

"தெரியலையே, மங்களம்."

கதவை அப்படியே விட்டுவிட்டு வந்து காரில் உட்கார்ந்தார். வீட்டில் கரண்ட் வந்து கேமரா மறுபடி ஓடுகிறது என்று சட்டைப்பையில் போன் ஒலித்தது. கை தானாக அதன்மேல் போயிற்று. எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல், கார் மெயின் ரோடு ஏறும்வரை கையை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார்.