ஏரிக்குள் விழுந்த சூரியன்

எங்கள் அச்சுக்கூடத்தில் ஸ்கிரீன் என்னும் அச்சு வலைச் சட்டங்களைக் கழுவுகிறவருக்குத் தொட்டியக்கா என்று பெயர். பதினோரு வருடமாக அந்தச் சிமெண்டுத் தொட்டிதான் அவர் இடம். நான் அச்சான தாள்களைக் கம்பி அடுக்கில் காயப்போடுகிறவள். அங்கிருந்து பார்த்தால் அவர் முதுகும் ரப்பர் கையுறையும் தெரியும். தண்ணீர் சத்தத்தையும் மீறிப் பாடுவார். எந்தப் பாட்டும் முழுதாகத் தெரியாது. மறந்த இடத்தில் யாராவது எதிரே போனால் அவர்களைப் பாட்டுக்குள் இழுத்துப் போட்டுவிடுவார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. அச்சு மேசை முன் நின்று ஒரு படத்தை, முதல் நிறத்திலிருந்து கடைசி நிறம்வரை, தன் கையால் மை இழுத்து அச்சடித்துவிட வேண்டும். கேட்டால், அச்சடிக்கும் மாஸ்டர் "பாக்கலாம்மா" என்பார். அக்காவின் மகளுக்குப் பால்பல் விழுந்தபோது தொடங்கிய பாக்கலாம் அது. இப்போது அம்மாவின் செருப்பு அவள் காலுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

போன வாரம் மாஸ்டருக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. கையில் இருந்ததோ ஓவியர் அம்மாவின் அவசர வேலை. மலை, ஏரி, சூரியன். இயற்கைக் காட்சிதான், ஆனால் மிட்டாய்த் தாள் மாதிரி பளிச்சென்ற நிறங்கள், தடித்த கறுப்புக் கோடு, வானம் முழுக்கப் புள்ளிகள். மலை ரோஜா நிறம். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீனாக நாற்பது தாள் அடிக்க வேண்டும்.

"சரி, நீங்களே இழுங்க. சொதப்பினா மறுபடியும் தொட்டிதான்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கட்டு மாற்றப் போனார்.

முதலில் மஞ்சள். அந்த ஸ்கிரீனில் ஒரு வட்டம் மட்டுமே இருந்தது. அக்கா மாட்டினார், மை ஊற்றினார், ரப்பர் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஒரு மைத்திட்டுகூட இல்லை. நாற்பதும் அடுக்கில் ஏறிய பிறகு மாஸ்டர் வந்தார்.

"சூரியன் மேல இல்ல இருக்கணும்? இது ஏம்மா கீழ கெடக்கு?"

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. கழுவும்போது ஸ்கிரீனைத் தலைகீழாகத்தான் நிறுத்துவார். மை தேங்கிய பக்கம் மேலே இருந்தால் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு இறங்கும். பதினோரு வருடமும் எல்லாப் படங்களையும் அப்படியே பார்த்த கண், இதையும் அப்படியே மாட்டிவிட்டது. மலையாக இருந்தால் காட்டிக் கொடுத்திருக்கும். வட்டத்துக்கு ஏது தலை, ஏது கால்?

அக்கா கையுறையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்குள் ஓவியர் அம்மாவே வந்து நின்றார்.

"பேப்பர்ல கொஞ்சம் ஈரம்மா, நாளைக்கு..." என்று மாஸ்டர் மழுப்பத் தொடங்கினார். அக்கா ஒரு தாளை நீட்டினார்.

"நான்தாம்மா தலைகீழா மாட்டிட்டேன். சூரியன் ஏரிக்குள்ள விழுந்துடுச்சு."

ஓவியர் தாளைச் சன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். வட்டத்தின் ஓரத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு சீரா இங்க யாரும் எனக்கு இழுத்துத் தந்ததில்லையே."

மாஸ்டருக்கு இருமல் வந்துவிட்டது.

"இதுமேல ஏரி நீலம் போட்டா மறைஞ்சிடுமா?"

"மறையாதும்மா. இளம்பச்சையாத் தெரியும்" என்றார் அக்கா. "தெனமும் தொட்டியில ரெண்டும் கலக்கறதப் பாக்கறேனே."

ஒரு தாளில் நீலம் இழுத்துக் காட்டினார். ஏரிக்குள் பச்சையாக ஒரு வட்டம், யாரோ எறிந்துவிட்டுப் போன பந்து மாதிரி மிதந்தது. ஓவியர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அது அங்கயே கெடக்கட்டும். மேல இன்னொரு சூரியன் போட்டு நாப்பதையும் முடிச்சிடுங்க. ஆனா இந்தக் கைதான் கடைசிவரைக்கும் இழுக்கணும்."

"நான் எப்பவோ சொன்னேன், அக்காவுக்கு நல்ல கைன்னு" என்றார் மாஸ்டர். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா கையுறையைக் கழற்றினார். மஞ்சள் ஸ்கிரீனைத் திருப்பி மாட்டி, ஒன்றுக்கு இரண்டு முறை குனிந்து பார்த்துக்கொண்டார். தாள் எடுத்து வைக்க எதிர்ப்பக்கம் ஆள் வேண்டுமே. மாஸ்டர்தான் போய் நின்றார், சுளுக்காத கையோடு.

"சட்டுனு எடுங்க மாஸ்டர், மை காயுது" என்றார் அக்கா.