பச்சை நோட்டில் பதினேழு கையெழுத்து

பச்சை அட்டை போட்ட அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. வேலைக்காக வாங்கியதல்ல, பயத்துக்காக வாங்கியது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோரில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். திரையில் ஒவ்வொரு பட்டியலும் ஒரு கட்டமாக வரும். கட்டங்களைக் கோடு இழுத்து இணைத்தால், கேட்ட விவரம் கீழே வந்து விழும். ஆனால் ஒரு சரக்கை எந்த சப்ளையர் கொடுத்தார், பழுதானது எந்த சப்ளையருக்குத் திரும்பிப் போனது என்று சேர்த்துக் கேட்டால் போதும், மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பட்டியல் வராவிட்டால், படித்த ஆளாகப் பார்த்து என் நாற்காலியில் உட்காரவைப்பதாக மேலாளர் சொல்லியிருந்தார். நாளை விசாரணை என்று வந்தால் காட்ட வேண்டுமே! மூடிக்கொண்ட ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்து, கட்டங்களையும் கோடுகளையும் அப்படியே வரைந்து, அடியில் 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மூடாமல் ஓடியவற்றையும் வரைந்துவைத்தேன், எனக்கு வேலை தெரியும் என்பதற்குச் சாட்சியாக.

புதன்கிழமை, வேறு வழியில்லாமல் சிஸ்டம்காரரைக் கூப்பிட்டேன். கள்ளிக்குப்பத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். "இன்னாக்கா, பேயறஞ்சா மாரி ஒக்காந்துகினு கீறே?" என்றபடி வந்தவர் நோட்டைப் புரட்டினார். "பதினேழு தபா 'ஒண்ணும் செய்யல'ன்னு கையெழுத்து! போலீஸ் டேசனுக்கா எழுதுனே?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். மறுபடி முதலிலிருந்து நாலைந்து பக்கம் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூடிக்கொண்ட படங்களில் எல்லாம் சப்ளையர் கட்டம் இரண்டு முறை இருந்தது. அது ஒரே முறை வந்த படங்களில், ஒன்பது கட்டம் இருந்தும் மூடவில்லை. "ஒரே கட்டம் ரெண்டு தபா வந்தா அது கொழம்பிப் பூடுதுக்கா. கோளாறு அதுல கீது. உன் மேல இன்னா தப்பு?" என்றார். கேள்வியை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியைத் தனியாகச் சேமித்தார். அதையே ஒரு கட்டமாக்கி மறுபாதியோடு இணைத்தார். ஓட்டும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "கண்ணத் தொறயேன்க்கா, நீதான் மூடிகினு கீறே, அது மூடல!"

திரை நிறையப் பட்டியல் இறங்கிக்கொண்டிருந்தது.

போகும்போது என் கடைசி வாக்குமூலத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, 'செஞ்சது இன்னா?' என்று எழுதினார். "எங்கிட்ட வர்ற அத்தினி பேரும் ஒண்ணும் செய்யலன்னுதான் சொல்றான். செஞ்சத வரஞ்சி வெச்ச ஒரே ஆளு நீதான்."

அவர் இப்போது ஐயப்பன்தாங்கல் பக்கம் வேறு கம்பெனியில் இருக்கிறார். நாற்காலி என்னிடமே இருக்கிறது. போன வாரம் மென்பொருளைப் புதிதாக மாற்றினார்கள். இன்று காலை பன்னிரண்டாவது கட்டத்தில் அதுவும் மூடிக்கொண்டது. பச்சை நோட்டில் மிச்சமிருந்த பக்கத்தைத் திறந்து, 'நான் செய்தது' என்று தலைப்பிட்டு, முதல் கட்டத்தை வரைந்தேன்.