ரெண்டு தட்டு தட்டு, விட்டுருதேன்

பத்து வருடங்களுக்கு முன்பு, இராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆசிரியையாக இருந்தேன். சண்டை போட்ட இரண்டு மாணவர்களை விலக்கப் போய், கரும்பலகையில் மோதி மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அந்த வகுப்பு வாசலில் நின்றால் உள்ளே போகத் தயங்குவேன். ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை. பயந்துகொண்டு பாடம் நடத்த மனம் ஒப்பவில்லை.

தற்காப்புக் கலை ஏதாவது கற்றுக்கொள்ள முடிவு செய்தேன். முதலில் போனது பக்கத்துத் தெரு கராத்தே வகுப்புக்கு. குத்தும் உதையும்தான். மாணவனைக் குத்திவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு பாடம் நடத்துவது? எனக்கு வேண்டியது அடிக்காமல் பிடித்து நிறுத்துவதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் ஜூடோ சொல்லித்தருவதாகவும், அதில் அடி கிடையாது, பிடிதான் என்றும் யாரோ சொன்னார்கள், சேர்ந்துவிட்டேன்.

"ஏட்டி, பாடம் எடுக்கப் போறியா, குஸ்தி போடப் போறியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். அவரைச் சமாதானப்படுத்தவே அடிக்கடி பால்கோவா வாங்கிவர வேண்டியிருந்தது.

பயிற்சியாளர் என்னைவிட இளையவர். "மொதல்ல விழப் படிங்க டீச்சர், பொறவு பிடிக்கலாம்" என்று விழவைத்துக்கொண்டே இருந்தார். மெத்தையில் பொத்தென்று விழுந்து, விழுந்து சிரித்து, இடுப்பைப் பிடித்தபடி பஸ்ஸில் திரும்பிய அந்தச் சாயங்காலங்கள் இனி வருமா என்று ஏக்கமாக இருக்கிறது. அங்கே ஒரு விதி உண்டு. பிடியில் சிக்கியவர் இரண்டு முறை தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அதில் மட்டும் அவரிடம் விளையாட முடியாது.

ஒரு நாள் மதிய இடைவேளையில் அதே ஒன்பதாம் வகுப்பில் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், ஒருவன் கீழே கிடக்க, இன்னொருவன் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை அவன் தலைக்கு நேராக ஓங்கிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து அந்தக் கையோடு சேர்த்து அவனை இறுக்கிப் பிடித்து, அவனோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டில் உருண்டோடியது. அவன் திமிறினான்.

"விடுங்க டீச்சர்! எங்கம்மாவத் தப்பாப் பேசுதான்!"

"செத்த நேரம் இருலே. கோவம் எறங்குனதும் என் கையில ரெண்டு தட்டு தட்டு, விட்டுருதேன்."

திமிறித் திமிறி ஓய்ந்தான். பிறகு என் கையில் மெதுவாக இரண்டு தட்டு. மறுபடி பாய்ந்துவிடுவானோ என்று எனக்கு உள்ளூரப் பயம். ஆனாலும் சொன்னபடி விட்டேன். அவன் பாயவில்லை. அங்கேயே உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்து அழுதான். அன்று மாலைப் பாடவேளைக்கு வந்தபோதுதான் கவனித்தேன், அந்த வாசலில் நான் தயங்கவே இல்லை.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் யாரோ என் கையில் இரண்டு முறை தட்டினார்கள். திரும்பினால், மீசை வைத்த வாலிபன். எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது.

"பேண்டேஜ் கம்பெனியில வேலை பாக்கேன் டீச்சர். இப்பவும் கோவம் வந்தா என் கையில நானே தட்டிக்கிடுதேன்" என்றான்.

அன்று பயந்துகொண்டே ஆனாலும் அவனை நம்பிப் பிடியை விட்டதை நினைத்தால், டீச்சர் ஆனதற்கு எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.