சாலம்மாளின் தறி நின்ற நேரம்

இளம்பிள்ளையில் மணியனின் விசைத்தறிக் கூடத்தில் சாலம்மாளின் குரல்தான் பெரிது. தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே அப்படி ஆகிவிட்டது. அடுத்த தறியில் நிற்கும் ரஞ்சனியிடம் அவள் சொல்லும் ரகசியம்கூடக் கத்தலாகத்தான் வரும். இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்காது என்பதால் அவளுக்கும் கவலை இல்லை.

கரண்ட் செலவைக் குறைக்க மணியன் தறிகளுக்குப் புது மோட்டார் போட்டார். பழையது, தறி நின்றாலும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு ஊளையிடும். புதியது அப்படியல்ல. நூல் அறுந்தால் தறியோடு தானும் நின்றுவிடும்.

கரண்ட் எவ்வளவு மிச்சமாகிறது என்று அளக்க, மோட்டார் கம்பெனியிலிருந்து ஜெயபிரகாஷ் என்ற இன்ஜினியர் வந்தார். ஒரு தறி மட்டும் ஓடட்டும் என்றார். மற்றதையெல்லாம் நிறுத்தினார்கள். சாலம்மாளின் தறி மட்டும் தடதடத்தது. மணியனும் இன்ஜினியரும் மீட்டர் மேல் குனிந்திருக்க, அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏண்டி ரஞ்சனி, மொதலாளி ரூமுல ஆளே இல்லாம ஏசி...”

நூல் அறுந்தது. மோட்டார் நின்றது. கூடமே அமைதியானது. சாலம்மாள் மட்டும் நிற்கவில்லை.

“...ஓடிக்கிட்டே கெடக்குது! அதை உட்டுப்போட்டு நம்ம மோட்டாரைப் புடிச்சு அளக்கறாங்க பாரு!”

மணியன் நிமிர்ந்தார். “ஏனுங்கக்கா, நான் சேலம் போனதும் அந்த ரூமுக்குள்ள போயிப் படுக்கறது ஆருங்க?”

சாலம்மாள் அறுந்த நூலைத் தேடுவதுபோலத் தறி மேல் குனிந்தாள். “சும்மா ஓடி வீணாப் போவுதேன்னுதானுங்க படுத்தேன்.”

ஜெயபிரகாஷ் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரிக்க, மணியனும் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரமே அந்த அறையில் ஒரு கருவி வந்து உட்கார்ந்தது. உள்ளே ஆள் அசைவு இல்லையென்றால் ஏசியை அதுவே அணைத்துவிடும். “இனிமே தாராளமாப் படுங்கக்கா, நீங்க வெளிய வந்தா தானா நின்னுக்கும்” என்று மணியனே அனுமதியும் கொடுத்தார்.

அன்று மதியம் சாப்பிட்டுப் படுத்தவள் வியர்த்துக் கொட்ட எழுந்து ஓடிவந்தாள்.

“ஏனுங்க சாமி, நான் உள்ள இருக்கறப்பவே நின்னு போச்சுங்க! எனக்கு உசுரே இல்லைன்னு முடிவு பண்ணிருச்சாட்ட இருக்குதுங்க!”

“நீங்க கொஞ்சம் அசையணுமுங்கக்கா.”

“தூங்கறவ எப்படிங்க அசையறது?”

மறுநாள் ரஞ்சனியையும் கூட்டிக்கொண்டு போனாள் சாலம்மாள். ஒருத்தி தூங்கும்போது மற்றவள் கையை ஆட்டிக்கொண்டிருப்பது என்று ஏற்பாடு. முதலில் கையாட்டும் முறை ரஞ்சனிக்கு வந்தது. ஏசிக் காற்று இதமாக இருந்ததில், நாலு ஆட்டு ஆட்டுவதற்குள் அவளும் தூங்கிப்போனாள்.